எவர்சில்வர் போல்ட்டுக்கு முதலில் தண்ணீரைப் பாருங்கள்

எவர்சில்வர் என்ற பெயர் குடத்துக்கும் சொம்புக்கும் பொருந்தும். தினமும் தேய்க்கிறோம், கழுவிக் கவிழ்க்கிறோம், காற்றில் உலர்கிறது. அதே உலோகத்தில் செய்த போல்ட்டை யாரும் தேய்ப்பதில்லை. மோட்டார் ரூமில், சாயப்பட்டறைத் தொட்டி ஓரத்தில், கோழிப்பண்ணைத் தண்ணீர்க் குழாயில், வாசருக்கு அடியில் ஈரம் தேங்கி வருடக்கணக்கில் கிடக்கிறது. பிறகு ஒருநாள் ஸ்பேனர் போட்டால் தலை மட்டும் கையோடு வருகிறது. "எஸ்.எஸ். போல்ட்டுன்னுதானுங்க வாங்குனோம்" என்று கடையில் சண்டை. பல நேரம் கடைக்காரர் மேல் தப்பு இருக்காது. எந்தத் தண்ணீருக்கு எந்த கிரேடு, அதாவது எந்தக் கலவை வகை, என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

எவர்சில்வர், எஸ்.எஸ். என்றெல்லாம் சொல்லும் துருப்பிடிக்காத இரும்பும் இரும்புதான். அதில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்திருக்கும். அந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே ஒரு படலம் போடும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு, சில நானோமீட்டர் மட்டுமே கனம். கீறினால் தானாகவே மறுபடி மூடிக்கொள்ளும். அதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் போகாத இடுக்கிலும், படலத்தைத் துளைக்கும் குளோரைடு உப்பு இருக்கிற இடத்திலும் ஆறாத புண் உண்டாகும். ஊசி குத்தியது போலச் சிறு புள்ளியாகத் தொடங்கி உள்ளே ஆழமாகப் போகும். வெளியே பளபளப்பு அப்படியே இருக்கும்.

கொங்கு நாட்டில் இது ஏன் முக்கியம் என்றால், இங்கே ஐம்பது கிலோமீட்டருக்குள் தண்ணீர் அடியோடு மாறிவிடுகிறது. கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் 304 என்ற சாதாரண கிரேடு போல்ட் போட்டுவிட்டு மறந்துவிடலாம். கிழக்கே வர வர, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு ஏறிக்கொண்டே போகிறது. சென்னிமலைப் பக்கம் நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் பாசனத் தண்ணீருக்குப் பதிலாகச் சாயக்கழிவு தேங்கி நின்றது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆற்றோரத்தில் பல கிணறுகளில் அந்த உப்பு இறங்கிவிட்டது. கோவையில் பத்து வருடம் நின்ற அதே போல்ட் அங்கே நிற்கும் என்று நம்பி வாங்கக் கூடாது.

தோராயமான ஒரு கணக்கு தொழிலில் புழங்குகிறது. சாதாரண வெப்பநிலையில், லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை குளோரைடு உள்ள தண்ணீருக்கு 304 போதும். அதற்கு மேல் 1000 வரை, உப்பை இன்னும் தாங்கும் 316 கிரேடு. அதையும் தாண்டினால் 316-உம் உத்தரவாதம் இல்லை. நினைவில் வைக்க ஒரு வழி சொல்கிறேன். குடிநீருக்கான இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 10500 குளோரைடுக்கு வைத்த ஏற்கத்தக்க அளவு 250. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் அனுமதிக்கும் உச்சம் 1000. இரண்டு கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. வாய்க்கு நன்றாக இருக்கும் தண்ணீருக்கு 304, குடித்தால் கரிக்கும் தண்ணீருக்கு 316 என்று வைத்துக்கொண்டால் பெரிதாகத் தப்பு வராது.

தண்ணீரில் கரைந்திருப்பதை மொத்தமாகக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் வரும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். சுண்ணாம்பும் மக்னீசியமும் கூட அதில் சேர்ந்துதான் காட்டும். பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பு போல்ட்டைத் தின்பதில்லை. குளோரைடு தனியாகத் தெரிய வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டித் தண்ணீரைக் கொடுத்தால் குளோரைடு எவ்வளவு என்று தனி வரியாக எழுதித் தருவார்கள். போர் போட்டவுடன் ஒருமுறை, கோடை முடிவில் ஒருமுறை பார்ப்பது நல்லது. தண்ணீர் கீழே போகப் போக உப்பு கூடும் கிணறுகள் நிறைய.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தண்ணீருக்குள் முழுதாக மூழ்கிய போல்ட்டைவிட, சொட்டுச் சொட்டாக நனைந்து காயும் போல்ட்தான் முதலில் போகும். பம்பின் கிளாண்டிலிருந்து, அதாவது தண்டைச் சுற்றியுள்ள அடைப்பிலிருந்து, ஒழுகும் தண்ணீர் போல்ட் தலையில் விழுகிறது, வெயிலில் காய்கிறது, உப்பு மட்டும் தங்குகிறது. மறுநாளும் அதே. தண்ணீரில் 300 மில்லிகிராம்தான் இருக்கலாம். வாசர் அடியில் தங்கும் ஈரத்தில் அதுபோலப் பல மடங்கு இருக்கும். ஒழுகலை நிறுத்துவது கிரேடை உயர்த்துவதைவிட மலிவு.

சாயப்பட்டறைக் கணக்கே வேறு. பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்ற, அடர் நிறமாக இருந்தால் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் உப்பு போடுவது வழக்கம். 60 கிராம் சாப்பாட்டு உப்பில் குளோரைடு மட்டும் ஏறத்தாழ 36 கிராம். கடல்நீரில் இருப்பதோ 19 கிராம்தான். கடலே இல்லாத திருப்பூரில், கடலைவிட இரண்டு மடங்கு குளோரைடு உள்ள தண்ணீர், அதுவும் 60 டிகிரி சூட்டில். சாப்பாட்டு உப்புக்குப் பதில் கிளாபர் உப்பு போடும் பட்டறைகளில் போல்ட்டுகள் அதிக நாள் நிற்கின்றன. அது சல்பேட் என்பதால் படலத்தைத் துளைக்கும் குளோரைடு அதில் இல்லை. சாயத்தின் தரத்துக்காகச் செய்யும் தேர்வு போல்ட்டுக்கும் நல்லதாகப் போகிறது.

சூடு பற்றி இன்னும் ஒன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. குளோரைடு, ஏறத்தாழ 60 டிகிரிக்கு மேல் வெப்பம், இழுவிசை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் 304-உம் 316-உம் துருப்பிடிக்காமலேயே விரிசல் விடும். முறுக்கி வைத்த போல்ட்டில் இழுவிசை எப்போதும் உண்டு. அதனால் சாய மெஷின் மூடியின் போல்ட், சூட்டுக் குழாய்களை இணைக்கும் ஃபிளாஞ்ச் வளையத்தின் போல்ட், காப்புப் பஞ்சு சுற்றிய இடங்களின் போல்ட் எல்லாம் சந்தேகத்துக்குரியவை. நனைந்த பஞ்சு காயும்போது உப்பு உலோகத்தின் மேலேயே தங்கும். விரிசல் மெல்லிய மயிர்போல, கிளைகிளையாக ஓடும். வெளியே பளபளவென்று இருக்கும் போல்ட் ஒருநாள் கண்ணாடிபோல் உடையும். அழுத்தம் தாங்கும் மூடிகளில் மெஷின் செய்தவர் சொன்ன போல்ட்டைத் தவிர வேறு போடக் கூடாது. மாற்ற வேண்டிய நிலை வந்தால் இந்த விரிசலை அதிகம் எதிர்க்கும் 2205 போன்ற டூப்ளெக்ஸ் வகை எவர்சில்வரைப் பற்றி அவர்களிடம் கேளுங்கள். 304 உடைந்ததே என்று 316-க்குத் தாவினால் நாள் கொஞ்சம் தள்ளிப்போகும், விரிசல் நிற்காது.

இனி கடைக்குப் போவோம். "எஸ்.எஸ். போல்ட் குடுங்க" என்று கேட்டால் நாலு விதமான சரக்கு கைக்கு வரலாம். 304-இல் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் சுமாராக. 316-இல் நிக்கல் 10-க்கு மேல், கூடவே 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம். அந்த மாலிப்டினம்தான் உப்புக்கு எதிராக நிற்கிறது. 202-இல் விலை உயர்ந்த நிக்கலைப் பாதியாகக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். வீட்டுக்குள் கதவுக் கைப்பிடிக்கு அது போதும், போர்த் தண்ணீருக்கு ஆகாது. நாலாவது 410. உறுதியானது, காந்தத்தில் பச்சக்கென்று ஒட்டும், ஈரத்தில் துரு கண்டிப்பாக வரும். தகடு ஸ்குரூக்களில் இது அதிகம்.

காந்தம் வைத்துப் பார்ப்பதை எல்லோரும் செய்கிறார்கள். அதனால் 410 மட்டும் பிடிபடும். 202-உம் காந்தத்தில் ஒட்டாது, 304-உம் ஒட்டாது. அதோடு, போல்ட் தலையைக் குளிர்நிலையில் அடித்து உருவாக்குவதால் அசல் 304 போல்ட்டே லேசாகக் காந்தத்தை இழுக்கும். லேசாக இழுத்தது என்று நல்ல சரக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இழுக்காத 202-ஐ வாங்கி வருபவர்கள் இருக்கிறார்கள்.

போல்ட்டின் தலையைப் படியுங்கள். ஏ2-70 என்றிருந்தால் 304 வகை, 700 மெகாபாஸ்கல் இழுவலு. ஏ4-70, ஏ4-80 என்றால் 316 வகை. கூடவே செய்தவரின் குறியும் இருக்க வேண்டும். எழுத்தே இல்லாத மொட்டைத் தலையைத் தண்ணீர் வேலைக்கு எடுக்காதீர்கள். எழுத்தை யாரும் அடித்துவிடலாம் என்பதும் உண்மைதான். அதனால் நூற்றுக்கணக்கில் வாங்கும்போது சோதனைச் சான்றிதழ் கேளுங்கள். அதில் முதலில் மாங்கனீசு வரிக்குப் போங்கள். 2-க்குள் இருந்தால் சரி, 7, 8 என்று இருந்தால் அது 202. பிறகு நிக்கல் 8-க்குக் குறையாமல் இருக்கிறதா, 316 என்றால் மாலிப்டினம் 2-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சான்றிதழில் உள்ள ஹீட் எண், அதாவது ஒரே தடவையில் உருக்கிய உலோகத்துக்குத் தரும் எண், பெட்டியின் மேலும் இருக்க வேண்டும். மாலிப்டினம் கண்டுபிடிக்கச் சொட்டு மருந்து கிடைக்கிறது. போல்ட்டில் ஒரு சொட்டு விட்டு, கூடவே வரும் பேட்டரியைத் தொட்டால் நிறம் மாறும். பெரிய வேலை என்றால் பெட்டிக்கு ஒரு போல்ட் எடுத்துக் கோவையில் வார்ப்பட ஆலைகளுக்குச் சோதனை செய்து தரும் கூடங்களில் ஸ்பெக்ட்ரோ என்ற கலவைச் சோதனை பார்த்துவிடலாம். ஸ்க்ராப் வாங்கும் பெரிய வியாபாரிகள் சிலர் கையில் கலவையைக் காட்டும் எக்ஸ்ரே துப்பாக்கியே வைத்திருக்கிறார்கள்.

"இது சேலம் ஸ்டீலுங்க" என்று சொல்லி விற்பதையும் கவனியுங்கள். சேலம் உருக்காலையின் பெயர் தகட்டாலும் சுருளாலும் வந்தது. போல்ட் கம்பியிலிருந்து செய்யப்படுவது. பாத்திரத்துக்குச் சொல்ல வேண்டிய பெருமையைப் போல்ட்டுக்குச் சொல்கிறார்கள்.

அளவு விஷயத்தில் கொங்குப் பட்டறைகளுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பழைய மோட்டார் பம்புகள் இஞ்ச் மரை, புதியவை மில்லிமீட்டர். மேஸ்திரிகள் இன்றும் நூல் கணக்கில்தான் பேசுவார்கள். ஒரு நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. ரெண்டரை நூல் போல்ட்டுக்கும் எம்8-க்கும் கனம் கிட்டத்தட்ட ஒன்றே, 7.94 மில்லிமீட்டரும் 8-ம். ஆனால் மரை இடைவெளி ஒன்றில் 1.41, மற்றதில் 1.25. கையால் போட்டால் இரண்டு மூன்று சுற்று சுகமாகப் போகும், பிறகு இறுகும். மூணு நூலும் எம்10-உம் இன்னும் மோசம். 9.5-க்கும் 10-க்கும் இடைவெளி 1.59-உம் 1.5-உம் என்பதால், தொளதொளவென்று பல சுற்று ஏறி, பிடித்தது போலவே காட்டும். லேத்துக்காரரிடம் மரை இடைவெளி பார்க்கும் பிட்ச் கேஜ் இருக்கும். பழைய போல்ட்டை எடுத்துப் போய் அதில் வைத்துப் பார்த்துவிட்டே வாங்குங்கள். சாதா இரும்பு போல்ட்டில் மரை மாறினால் மரைதான் கெடும். எவர்சில்வரில் நட்டும் போல்ட்டும் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும்.

அந்த ஒட்டுதல்தான் எவர்சில்வர் போல்ட்டின் பெரிய நோய். பட்டறையில் 'கடிச்சுக்கிச்சு' என்பார்கள். முறுக்கும்போது மரைகள் அழுத்தத்தோடு உரசுகின்றன, மேலிருக்கும் படலம் கிழிகிறது. உள்ளே இருப்பதும் எதிரே இருப்பதும் ஒரே வகை மிருதுவான உலோகம். மேடு மேட்டோடு ஒட்டி, பிய்ந்து, உருண்டு, அடுத்த மரையையும் உழுகிறது. சூடு ஏற ஏற வேகம் கூடும். கடைசியில் வெல்டிங் வைத்தது போல நின்றுவிடும். முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. புத்தம்புது நட்டு, புத்தம்புது போல்ட், பாதியில் நின்றுவிட்டது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

தடுப்பது கஷ்டமில்லை, பொறுமைதான் வேண்டும். மரையைத் துணியால் துடைத்து மணல், பிசிறு எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிக்கல் அல்லது மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த, மரை ஒட்டாமல் காக்கும் ஆன்டி சீஸ் பசையை போல்ட் மரையிலும், நட்டு உட்காரும் முகத்திலும் மெல்லியதாகப் பூசுங்கள். குடிநீர் படும் இடத்தில் உணவுத் தரப் பசை. எதுவுமே இல்லையென்றால் கிரீஸாவது. உலர்ந்த மரையில் மட்டும் போடாதீர்கள். முழு நீளமும் கையால் ஏற்றி, கடைசி இறுக்கத்துக்கு மட்டும் ஸ்பேனர் எடுங்கள். அடித்து அடித்து வேகமாக முறுக்கும் இம்பாக்ட் கன் வேண்டவே வேண்டாம். எவர்சில்வர் போல்ட் கடிப்பதில் பெரும் பங்கு அதற்குத்தான். நைலாக் நட்டில் பிளாஸ்டிக் வளையம் தொடக்கத்திலிருந்தே பிடிக்கும், சூடு ஏறும், அதனால் இன்னும் மெதுவாக. போல்ட் 304, நட்டு 316 என்று மாற்றிப் போட்டால் கடிப்பது கொஞ்சம் குறையும், ஆனாலும் பசையை விடக் கூடாது.

பசை பூசிய மரை வழுக்கும் என்பதால் அதே முறுக்கில் போல்ட் அதிகமாக இழுபடும். பழைய பழக்கத்தில் கையை ஊன்றினால் சின்ன போல்ட் நீண்டுவிடும். பசை போட்ட ஏ2-70-க்கு எம்8 என்றால் ஏறத்தாழ 14 நியூட்டன் மீட்டர், எம்10-க்கு 30, எம்12-க்கு 50. முறுக்கை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் இல்லாதவர்கள் எம்8-க்கு நீள ஸ்பேனரை நடுவில் பிடித்து முறுக்குங்கள், நுனியில் வேண்டாம்.

முறுக்கும்போது திடீரென்று கனத்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். இதைத்தான் யாரும் செய்வதில்லை, இன்னும் கொஞ்சம் என்று தள்ளுவார்கள். நிறுத்தி, ஆற விட்டு, எண்ணெய் விட்டு, கால் சுற்று பின்னே அரைக்கால் சுற்று முன்னே என்று ஆட்டினால் பல நேரம் கழன்று வரும். வந்த ஜோடியை மறுபடி போடாதீர்கள். முழுதாகக் கடித்துவிட்டால் கேஸ் வைத்துச் சூடாக்குவது பயன் தராது. துருவால் பிடித்த இரும்பு போல்ட்டுக்குத்தான் அந்த வைத்தியம். நட்டின் ஒரு பக்கத்தைக் கிரைண்டரில் அறுத்துப் பிளப்பதே வழி. தட்டில் மரை வெட்டிய துளைக்குள் போல்ட் உடைந்துபோனால் கோபால்ட் டிரில் எடுத்து, வேகத்தைக் குறைத்து, விடாமல் அழுத்தி, எண்ணெய் விட்டுத் துளையுங்கள். அழுத்தாமல் சும்மா உரசவிட்டால் அந்த இடம் இறுகிவிடும், அப்புறம் எந்த டிரில்லும் இறங்காது.

வலு பற்றி ஒரு எச்சரிக்கை. எவர்சில்வர் என்றாலே கெட்டி என்ற நினைப்பு தப்பு. எம்10 அளவில் 8.8 கிரேடு இரும்பு போல்ட் நீளாமல் தாங்குவது ஏறத்தாழ மூன்றே முக்கால் டன், ஏ2-70 தாங்குவது இரண்டரை டன்னுக்குச் சற்று மேல். நாமக்கல் லாரியின் ஸ்பிரிங் பட்டைக்கோ, போர் போடும் திருச்செங்கோடு ரிக் வண்டியின் சேசிஸுக்கோ பளபளப்புக்காக எவர்சில்வர் போட்டுவிடாதீர்கள். போர்வெல் கிளாம்ப்பும் அப்படித்தான். நூற்றுக்கணக்கான அடிக் குழாயும் மோட்டாரும் அந்த இரண்டு போல்ட்டில் தொங்குகின்றன. கிளாம்ப்போடு வந்த அளவும் கிரேடும் என்னவோ அதையே போடுங்கள்.

வேறு உலோகத்தோடு சேர்க்கும்போது எது பெரிது, எது சின்னது என்று பாருங்கள். எவர்சில்வர் தொட்டியில் சாதா இரும்பு போல்ட் போட்டால், பெரிய தொட்டி முழுவதும் சேர்ந்து அந்தச் சின்ன போல்ட்டைத் தின்றுவிடும். தலைகீழாக, சோலார் பேனலின் பெரிய அலுமினியச் சட்டத்தில் சின்ன எவர்சில்வர் போல்ட் போடுவது நிற்கும், ஏனென்றால் அரிப்பு பெரிய பரப்பில் பரவிவிடுகிறது. உப்புத் தண்ணீர் தெறிக்கும் இடமென்றால் நடுவில் நைலான் வாசர் கொடுங்கள். கோழிப்பண்ணைக் கூண்டுகளின் ஜிங்க் பூச்சுக் கம்பியில் எவர்சில்வர் போல்ட் போட்டால் அதைச் சுற்றியுள்ள ஜிங்க் முதலில் போகும். எச்சமும் ஈரமும் உள்ள இடத்தில் கூண்டுக்கு ஜிங்க் போட்ட போல்ட்டே ஒத்துப்போகிறது.

பண்ணையைக் கழுவும் பிளீச்சிங் பவுடரும், கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டும் எந்த கிரேடையும் விட்டுவைப்பதில்லை. ஆசிட்டைப் போல்ட் மேல் ஊற்ற வேண்டும் என்றுகூட இல்லை. மூடிய அறையில் அதன் ஆவியே போதும். மோட்டார் ரூமில் ஆசிட் கேன் வைக்கிற பழக்கத்தை விடுங்கள். கழுவியபின் நல்ல தண்ணீரால் போல்ட்டுகளை ஒருமுறை அலசிவிட்டால் ஆயுள் கண்ணெதிரே கூடும்.

புது போல்ட்டில் ஒரே வாரத்தில் காப்பிக் கறைபோல் வந்தால் உடனே போலிச் சரக்கு என்று முடிவு கட்ட வேண்டாம். பக்கத்தில் இரும்பை அறுத்த கிரைண்டர் பொறி விழுந்திருக்கும், அல்லது இரும்பு பிரஷ்ஷால் தேய்த்திருப்பார்கள். மேலே ஒட்டிய அந்த இரும்புத்தூள்தான் துருப்பிடிக்கிறது. லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 கிராம் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், பிளாஸ்டிக் வாளியில் கரைத்து அரைமணி நேரம் போட்டு வையுங்கள். எடுத்து நல்ல தண்ணீரில் அலசிக் காயவிடுங்கள். கறை போய்விட்டால் போல்ட் நல்லதுதான். மறுபடி அதே இடத்தில் புள்ளி புள்ளியாக வந்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். குழி இருந்தால் தண்ணீருக்கு அந்த கிரேடு பத்தவில்லை, அடுத்த முறை 316 கேளுங்கள். கழற்றிய போல்ட்டை எறிந்துவிடாமல், போட்ட தேதியை ஒரு காகிதத்தில் எழுதி அதோடு கட்டி வையுங்கள்.